சபீனா கேரோ மறக்காத நாட்கள்

விலாங்கு ஓடையின் இரு கரையிலும் இருபது மைல் சுற்றளவில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் முதலில் சபீனா கேரோவுக்குத்தான் ஆள் போகும். பெரிய வீட்டு எஜமானியானாலும் சரி, புகையிலைக் கொட்டகையில் சுருண்டு கிடக்கிற வேலைக்காரியானாலும் சரி, படகைத் தானே துடுப்புப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவாள். உயரமானவள். தலையில் ஆண்கள் போடுகிற தொப்பி. அவளுடைய அப்பா அங்கோலாவிலிருந்து அடிமையாகக் கட்டிக் கொண்டுவரப்பட்டவர். ஓய்வு நேரத்தில் தனக்கென்று புகையிலை போட்டு, அதைக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் மீட்டுக்கொண்டவர். சபீனா சுதந்திரப் பிறவி. அந்தக் காலத்து மேரிலாந்தில் அப்படிச் சில கறுப்புக் குடும்பங்கள் இருந்தன.

நான் ஒனோரா டூலி, ஐரிஷ்காரி. கார்க் நகரத்திலிருந்து பதினேழு வயதில் கப்பல் ஏறி வந்தவள். கப்பல் கூலி கொடுக்க வக்கில்லாததால் நான்கு வருடம் ஊழியம் செய்வதாகக் கைநாட்டு வைத்து வந்தேன். புகையிலைப் பண்ணை வைத்திருந்த பெரிய டில்னி துரை அந்தக் கூலியைக் கட்டி என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். வந்த மூன்றாம் வாரமே இந்த ஊர்க் காய்ச்சல் என்னைப் படுக்கப் போட்டது. புதிதாக வருகிற எல்லோரையும் அது ஒரு முறை புரட்டிப் பார்க்கும்; பாதிப் பேரை எடுத்துக்கொள்ளும். எனக்கு மருந்து கொடுக்க சபீனா வந்தாள். நான் அதற்கு முன் கறுப்பு மனிதர்களை அருகில் பார்த்ததில்லை. நாம் ஏழைகளானாலும் அவர்களுக்கு மேலேதான் என்று கப்பலில் சொல்லிச் சொல்லி என் காதை நிரப்பியிருந்தார்கள். அவள் கையால் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, குடிக்காத. செத்தேன்னா உன்னப் பொதைக்கப் போறதும் எங்க ஆளுங்கதான். அப்ப எப்படி மொகத்தத் திருப்புவ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்தேன். பிழைத்தேன். அன்றிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டேன்; அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான்கு வருடம் முடிந்ததும் துரையிடம் போய் நின்றேன். இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது என்றார். என் பத்திரம் எங்கே என்று கேட்டால் எலி தின்றுவிட்டது என்றார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்த வருடம் எது என்று கேட்டால் எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி குனிந்து நிமிர்கிறவளுக்கு வருடம் எப்படித் தெரியும்?

சபீனாவுக்குத் தெரிந்தது. நான் முறையிட்ட நீதிக் கச்சேரிக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் எந்தக் கப்பலில் வந்தேன், அந்தக் கப்பலின் தலைவருக்கு எந்தக் கால் நொண்டி, அது கரையில் நின்ற வாரம் ஓடையில் யார் மூழ்கிச் செத்தார் என்று வரிசையாகச் சொன்னாள். மூழ்கிச் செத்தவர் ஊர் ஷெரீப்பின் தம்பி. அவர் செத்த வருடம் எல்லோருக்கும் தெரியும். நீதிபதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலையே நான் விடுதலை.

இதை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று படகில் வரும்போது கேட்டேன்.

"வருஷத்த எவன் வேணும்னாலும் மாத்திச் சொல்லிடுவான்டி. அன்னிக்கு யாரு செத்தா, எந்தக் கப்பல் நின்னுச்சுங்கறத மாத்த முடியாது. அதுக்கு நாலு பேர் சாட்சி இருக்கும். ஒவ்வொரு புள்ள பொறக்கறப்பவும் நான் வெளிய ஒரு தடவ எட்டிப் பாத்துக்குவேன்."

அதுதான் அவள் வழக்கம். பிள்ளையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்ததும் வாசலுக்கு வந்து நிற்பாள். வயலில் நாற்று நடுகிறார்களா, கொழுந்து கிள்ளுகிறார்களா, இலை அறுக்கிறார்களா. துறையில் எந்தக் கப்பல். ஊரில் அந்த வாரம் என்ன பேச்சு. அத்தனையும் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். பிறகு எத்தனை வருடம் ஆனாலும் வெளியே வரும்.

சாமானிய விஷயமா அது? எங்கள் ஊரில் அடிமையின் பிள்ளை பிறந்த நாளை யாரும் எழுதிவைப்பதில்லை. ஊழியக்காரியின் பிள்ளையையும் அப்படித்தான். அதிலும் ஒரு வெள்ளைக்காரி கறுப்பனுக்குப் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை முப்பத்தொரு வயது வரை ஊழியம் செய்ய வேண்டும் என்று சட்டம். முப்பத்தொன்று எப்போது முடிகிறது என்று யார் சொல்வது? எஜமானன்தான் சொல்வான். எந்த எஜமானனுக்கு அந்தக் கணக்கு சரியாக வரும்?

சபீனா சொல்ல ஆரம்பித்தாள். ஒருவருக்காகக் கச்சேரி ஏறினாள், அடுத்த வருடம் இன்னொருவருக்காக. பிரபுக்கள் வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அவர்கள் பிள்ளைகளும் அவள் கையில்தானே விழுந்தன. வாயைத் திறக்க முடியவில்லை.

பிறகு அன்னாபொலிஸில் ஒரு சட்டம் போட்டார்கள். கறுப்பர்களும் கலப்புப் பிறவிகளும், அடிமையோ சுதந்திரமானவரோ, வெள்ளைக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது. அது தெரியாமல் சபீனா ஒரு வழக்குக்குப் போய் நின்றாள். கச்சேரி எழுத்தர் சட்டத்தைப் படித்துக் காட்டினார். நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். அந்த வழக்கில் வந்திருந்த பையன் இன்னும் ஆறு வருடம் உழைக்கப் போனான்.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றாள். அப்போது எனக்குக் கல்யாணமாகி, புருஷன் பீப்பாய் செய்கிற தொழிலில் இருந்தான். நான் மக்காச்சோளம் இடித்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே நான் பாத்தது செல்லாதாம். நீ பாத்தா செல்லுமாம்" என்றாள். "அதனால நீ வந்து பாரு."

"எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும் அக்கா."

"கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு மயங்கி விழு. அது போதும்."

முதல் பிரசவத்தில் நான் உண்மையாகவே விழுந்தேன். அவள் ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் என்னையும் பிடித்தாள். இரண்டாவதிலும் விழுந்தேன். மூன்றாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பழகிவிட்டது. எங்கே போனாலும் நான் கூட உட்கார்ந்திருப்பேன். பிள்ளை பிறந்ததும் அவள் என்னைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, என்ன தெரிகிறது சொல் என்பாள். நான் வருகிற வழியெல்லாம் புலம்புவேன். குளிர் என்பேன், இடுப்பு வலி என்பேன். அவள் பாட்டுக்குத் துடுப்புப் போடுவாள். என்னால் வர முடியாத இடங்களுக்கு அந்தந்தக் கரையில் உள்ள வேறு ஏழை வெள்ளைக்காரிகளைப் பிடித்து உட்கார வைத்தாள். பழைய ஊழியக்காரிகள் நாங்கள் ஏழெட்டுப் பேர். எல்லோரிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்: நான் சொல்லிக்கொடுப்பதைச் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்.

இப்படிப் பத்து வருடம் போனது. அப்போதுதான் லெட்டிஸ் வந்தாள்.

லெட்டிஸ் ஃபேன் டில்னி வீட்டு ஊழியக்காரி. அவள் அம்மா மார்ஜரி பிரிஸ்டல் நகரத்துப் பெண். நான் டில்னி வீட்டில் வேலை செய்த காலத்தில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள். லெட்டிஸின் அப்பா அதே பண்ணையில் இருந்த கறுப்பு அடிமை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவனைத் தூரத்துக்கு விற்றுவிட்டார்கள். அதனால் லெட்டிஸுக்கு முப்பத்தொரு வயது வரை ஊழியம். பெரிய டில்னி இறந்து, சின்ன டில்னி துரை ஆகியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்த நேரம், லெட்டிஸ் ஓடையைக் கடந்து சபீனா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன், சிப்பி உடைத்துக்கொண்டிருந்தோம். கரோலினாவிலிருந்து ஒரு வியாபாரி வந்து என் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான், என் கையைத் திருகிப் பார்த்தான் என்றாள். அடுத்த கப்பலில் தன்னை அனுப்பப் போவதாகச் சமையல்கட்டில் பேசிக்கொண்டார்களாம். கரோலினாவுக்குப் போய்விட்டால் அவளுக்கு முப்பத்தொன்றும் கிடையாது, நாற்பதும் கிடையாது. அவளை யாருக்கும் தெரியாது. நிறத்தைப் பார்ப்பார்கள், சாகும் வரை அடிமை என்பார்கள்.

"உனக்கு என்ன வயசு?" என்று சபீனா கேட்டாள்.

"இருபத்தேழுன்னு துரை சொல்றாரு."

சபீனா கத்தியைக் கீழே வைத்தாள். "போன ஏப்ரல்ல உனக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சுபோச்சு. கோயில் மணி ஓடையில விழுந்த அன்னிக்கு, மத்தியானம், நாத்து வெதைக்கிற சமயம். நான்தான் உன்ன எடுத்தேன். இவளும் பக்கத்துல இருந்தா."

எனக்கு ஞாபகம் வந்தது. தேவாலயத்துக்கு என்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்த மணி. கப்பலிலிருந்து தோணிக்கு இறக்கும்போது கயிறு அறுந்து ஓடைக்குள் போய்விட்டது. கரை முழுக்க ஜனம் கூச்சல் போட்டது. குடிசைக்குள் மார்ஜரியின் கூச்சலை யாரும் கேட்கவில்லை. சபீனாவுக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நான்தான் உள்ளே இருந்தேன்.

லெட்டிஸ் அழவில்லை. முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, அப்படியானால் இந்த நாலு மாதம் நான் யாருக்காக உழைத்தேன் என்று கேட்டாள்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மனு எழுதித் தந்தார். வழக்கு முடியும் வரை அவளை எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கச்சேரி உத்தரவு போட்டது. வழக்கு செப்டம்பரில் என்றார்கள்.

கச்சேரிக்குப் போகிற அன்று காலையில் சபீனாவும் நானும் அவள் படகில் போனோம். நான் மணியைப் பற்றியே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அவள் திடீரென்று, மார்ஜரியை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டாள். உனக்குத் தெரியாதா, தேவாலயத்து வடக்கு மூலையில் என்றேன். யார் தூக்கினார்கள் என்றாள். நானும் மூன்று பேரும் என்றேன். எந்தப் பருவம் என்றாள். குளிர்காலம், தரை கல்லாக உறைந்திருந்தது, குழி வெட்டியவன் மண்வெட்டி முறிந்து திட்டிக்கொண்டே இருந்தான், பிள்ளை ஓடியாடத் தொடங்கிய சமயம், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. இத்தனை வருடம் கழித்து இதை ஏன் கேட்கிறாள் என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அவள் ம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டாள்.

கச்சேரியில் கூட்டம். சபீனா கதவுக்கு அருகில் சுவரோடு நின்றுகொண்டாள். அவள் பேசக் கூடாது, நிற்கலாம். லெட்டிஸ் முன்னால் நின்றாள். சின்ன டில்னி தரப்பில் அன்னாபொலிஸிலிருந்து வந்த ஒரு வக்கீல். அந்தப் பழைய வருடங்களின் கச்சேரி ஏடுகள் கூரை ஒழுகி நனைந்து கூழாகிப் போயிருந்தன. அது அவருக்குச் சௌகரியம்.

நான் சத்தியம் செய்து, மணி விழுந்த கதையைச் சொன்னேன். வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"நீ ஐரிஷ்காரிதான? கத்தோலிக்கக்காரி, போப்போட ஆளு. அன்னிக்கு எவ்வளவு குடிச்சிருந்த?"

"நான் டில்னி வீட்டு வேலைக்காரிங்க. அங்க தண்ணி குடிக்கவே கேட்டுட்டுத்தான் போகணும்."

கச்சேரியில் சிரிப்பு எழுந்தது. மூத்த நீதிபதி மேசையைத் தட்டினார். அவருக்கும் உதடு துடித்தது.

வக்கீல் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மணி விழுந்த நாளில் ஒரு பிள்ளை பிறந்தது உண்மைதான், நாங்கள் மறுக்கவில்லை என்றார். அந்தப் பிள்ளை இரண்டு வயதில் இறந்துவிட்டது. மணி விழுந்து நான்கு வருடம் கழித்து மார்ஜரிக்கு இன்னொரு பெண் பிள்ளை பிறந்தது, இறந்த குழந்தையின் பெயரையே அதற்கும் வைத்தாள். இங்கே நிற்பவள் அந்த இரண்டாமவள். அப்படிச் செய்வது ஊரில் வழக்கம்தானே என்று நீதிபதிகளைக் கேட்டார். வழக்கம்தான். என் அம்மாவே அப்படிச் செய்திருக்கிறாள். பழைய கங்காணி ஒருவன் எழுந்து, ஆமாம், இரண்டாவது பிள்ளையை நான் பார்த்தேன் என்று சத்தியம் செய்தான்.

லெட்டிஸ் என் பக்கம் திரும்பினாள். மூத்த நீதிபதி என்னைப் பார்த்து, மார்ஜரிக்கு வேறு பிள்ளை பிறந்ததா, உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. அது தானாக வந்தது.

"எப்படிங்க பொறக்கும்? அதுக்குள்ள அவ செத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிருக்குமே. நான்தான் தூக்கினேன். வடக்கு மூலையில கெடக்கா. வேலைக்காரியா இருந்தாலும் வெள்ளைக்காரி, கோயில் ஏட்டுல எழுதியிருப்பாங்க. போய்ப் பாருங்க."

வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டினார். தேவாலயம் அரை மைல் தூரம்தான். ஏட்டை எடுத்துவர ஆள் போனது. அவன் வரும் வரை யாரும் எழுந்து போகவில்லை. கச்சேரி எழுத்தர் பக்கங்களைத் திருப்பினார். முதலில் மணி தொலைந்த செலவைப் பற்றிய குறிப்பு இருந்தது, ஏப்ரல் மாதம், வருடத்தோடு. அடுத்த வருடத்தின் டிசம்பர் மாதத்தில் ஒற்றை வரி: மார்ஜரி ஃபேன், டில்னி வீட்டு ஊழியக்காரி, அடக்கம்.

பிள்ளையை ஏடு எழுதவில்லை. தாயை எழுதியிருந்தது. அது போதுமாக இருந்தது.

மூத்த நீதிபதி கங்காணியைப் பார்த்தார். அவன் எனக்கு வயதாகிவிட்டது, குழம்பியிருப்பேன் என்றான். நீதிபதிகள் ஐந்து நிமிடம் குசுகுசுவென்று பேசினார்கள். லெட்டிஸ் ஃபேன் ஏப்ரல் மாதத்திலிருந்தே சுதந்திரமானவள் என்று தீர்ப்புப் படித்தார்கள். அவள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள். "போம்மா, வீட்டுக்குப் போ" என்றார் எழுத்தர். அவளுக்கு வீடு எது? கதவுப் பக்கம் திரும்பினாள். சபீனா அங்கே இருந்தாள்.

திரும்பி வரும்போது படகில் மூன்று பேர். பாதி ஓடையில்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

"வக்கீல் அப்படித்தான் கேப்பாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?"

"டில்னி வேற எந்தப் பக்கம் போவாரு? மணிய ஓடையிலேருந்து எடுக்க முடியாது. புள்ளயத்தான் மாத்துவாரு."

"அப்ப காலையிலயே சொல்லியிருக்கலாம்ல? எனக்கு உசிரே போயிடுச்சு."

"நான் சொல்லிக் குடுத்திருந்தா அது என் வார்த்தையா இருந்திருக்கும். என் வார்த்தைதான் அங்க செல்லாதே. உன்னோடது உன்னோடதா இருக்கட்டும்னு விட்டேன்."

கோயில் ஏட்டில் அந்த வரி இருக்கிறதா என்பதையும் அவள் இரண்டு வாரம் முன்பே பெருக்குகிற கிழவனிடம் விசாரித்து வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சின்ன டில்னி, சபீனா தன் நிலத்தில் காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவருடைய வேலைக்காரிகள் பிரசவ காலம் நெருங்கினால் எதையாவது சாக்குச் சொல்லி ஓடையைக் கடந்து சபீனா வீட்டுக்கே வந்தார்கள். அந்த ஒரு அறையில் நான் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. லெட்டிஸுக்குப் பிறகு, சபீனா வாழ்ந்த நாளுக்குள், எங்கள் ஏழெட்டுக் கிழவிகளின் வாயால் ஒன்பது பேர் வெளியே வந்தார்கள். தோற்ற வழக்குகளும் உண்டு. அந்தப் பெயர்களைத்தான் அவள் அடிக்கடி சொல்வாள்.

லெட்டிஸ் ஒரு சுதந்திரமான படகோட்டியைக் கட்டிக்கொண்டாள். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் சபீனா அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தேவாலய எழுத்தரிடம் போனாள். ஏட்டில் எழுதச் சொன்னாள். இந்த மாதிரிப் பிள்ளைகளை எழுதுவதில்லை என்றார் அவர். சரி என்று வாசலில் உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். சண்டை போடவில்லை. ஜனம் உள்ளே போகும்போதும் வரும்போதும் குழந்தையைக் காட்டி, இது பிறந்தது இந்த நாள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நான்காவது ஞாயிறு எழுத்தரின் மனைவியே, "எழுதித்தான் தொலையுங்களேன், ஊருக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள். கடைசிப் பக்கத்தில் ஓரமாக எழுதினார். இப்போது அந்தக் கடைசிப் பக்கம் நிறைந்து, தாள் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்.

போன இலையுதிர் காலத்தில் சபீனா படுத்தாள். நெஞ்சில் சளி. நாங்கள் எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். ஒரு மத்தியானம் என்னை அருகில் கூப்பிட்டு, கேட்டுக்கோ என்றாள். அப்பா சொந்தமாகக் குத்தகை எடுத்த நிலத்தில் முதல் இலை அறுத்த அன்று தான் பிறந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அந்த வாரம் ஓடையில் டச்சுக் கப்பல் ஒன்று நின்றது. அதன் பெயரையும் சொன்னாள்.

"உனக்கு எதுக்கு அக்கா இப்ப சாட்சி?"

"எனக்கும் ஒண்ணு இருக்கட்டும்டி" என்றாள்.

மூன்று நாள் கழித்து இறந்தாள். அவள் அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். ஓடையின் இரு கரையிலிருந்தும் படகுகள் வந்தன; டில்னி வீட்டு எஜமானியும் வந்து, கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டுப் போனார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் எடுத்தவள் சபீனாதான்.

மறுநாள் நான் தேவாலய எழுத்தரிடம் போனேன். கப்பலின் பெயரைச் சொன்னேன். அவர் பழைய துறைமுகக் குறிப்புகளைத் தேடிப் பார்த்து வருடத்தைக் கண்டுபிடித்தார். விரல் விட்டு எண்ணினார். சபீனா கேரோ, மருத்துவச்சி, வயது எழுபத்து மூன்று என்று எழுதினார். சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாதே. அவர் வரியின் மேல் விரலை வைத்து, எனக்காக இரண்டு முறை படித்துக் காட்டினார்.